பூமாலையின் தண்ணிக்குடம்

பூமாலை எனக்கு ஓரகத்தி. என் வூட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. மீன்சுருட்டிக்கு நான் வந்த மறுவருசம் அவ வாக்கப்பட்டு வந்தா. முப்பது வருசம் முந்திரிக்கொட்டை உடைச்சவ. கொட்டைப்பால் பட்டுப் பட்டு வெரலெல்லாம் கருத்து, தோலு உரிஞ்சு, ரேகையே இல்லாமப் போச்சு. ரேசன் கடை மெசின்ல கட்டைவெரல வெச்சா, "இந்த மாதிரி ஆளே இல்லங்குது பாட்டி"ம்பான் கடைக்காரன். "நான் செத்து நாளாச்சுப்பா, சீனிய மட்டும் போடு"ம்பா.

வயசான பிறகு நூறு நாள் வேலையில அவளுக்குத் தண்ணி குடுக்குற வேலை. ஏரிக்கரையில வேலை செய்யுற எங்க எண்பது பேருக்கும் அவ குடந்தான். குடத்துக்குள்ள தேத்தாங்கொட்டைய உரசித் தண்ணி ஊத்தி வெப்பா. கலங்கல் அடியில தங்கி, மேல கண்ணாடியாட்டம் நிக்கும். யாரையும் கைய வுட வுடமாட்டா. "கலெக்டரே வந்தாலும் நான்தான் மோந்து ஊத்துவேன்"ம்பா.

என் மாப்பிள்ளை குருநாதன் பெரம்பலூர்ல காலேஜ் வாத்தியாரு. கதையும் எழுதுவாரு. ராசா காலத்துல கங்கைகொண்ட சோழபுரத்துல ஒரு பெரிய பாடசாலை. அங்க தங்கிப் படிக்கிற பயலுவ ஒருத்தன் பின்னால ஒருத்தன் சாவுறானுவ. கொன்னது யாருன்னு கண்டுபிடிக்கணும். அதுதான் அவரு எழுதுன கதை. "பழைய சங்கதி பேசுற ஆளு யாராவது இருக்காங்களா அத்தை?"ன்னு கேட்டாரு. நான்தான் பூமாலை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு நாளு பேசுனா. நம்ம வூட்டு மாப்பிள்ளையாச்சேன்னு நாட்டுக்கோழி அடிச்சுப் போட்டா.

புஸ்தகம் வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாட்டியும் பெருமை தாங்கல. ஏரிக்கரைக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். மத்தியானம் சோறு தின்னுட்டுக் கருவ மரத்து நெழல்ல, எங்க கூட வேலை செய்யுற ஜோதி சத்தமாப் படிப்பா. கொன்னது யாருன்னு எங்களுக்குள்ள ஒரே சண்டை.

"சமையக்காரன்தான்டி. அவன் முழியே சரியில்ல"ன்னா பொன்னம்மாள்.

"அவன் முழிய நீ எங்க பாத்த?"ன்னா பூமாலை. "வாத்தியாரத்தான் நம்பக் கூடாது."

பத்தாம் நாளு முடிவு வந்துச்சு. கொன்னது தண்ணி குடுக்குற கெழவியாம். தேத்தாங்கொட்டைக்குப் பதிலா, அதே மாதிரி இருக்குற விசக் கொட்டை, எட்டிக்கொட்டைய உரசிப்புட்டாளாம். கருத்துப்போயி ரேகை அழிஞ்ச வெரல வெச்சுப் புடிச்சாங்களாம். ஜோதி அதோட நிறுத்திட்டா. யாரும் பூமாலை பக்கம் திரும்பல.

அப்புறம் பொன்னம்மாள்தான் சிரிச்சா. "எங்கள எப்ப அனுப்பி வெக்கப் போற பூமால?"

அவளும் சிரிச்சா.

மறுநாளு நாலு பேரு கையில பாட்டில். அந்த வாரம் முடியறதுக்குள்ள எல்லார் கையிலயும் பாட்டில். சாயங்காலம் நெறகுடத்த அவளே கரையில கவுத்துட்டுப் போனா.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவருகிட்ட நான் அதுவரைக்கும் குரல் ஒசத்துனதில்ல.

"அத்தை, அது கற்பனைங்க. ஆயிரம் வருசத்துக்கு முந்தின கதை."

"முந்திரி கப்பல்ல வந்த மரம், ராசா காலத்துல கெடையாதுன்னு என் கொல்லையில நின்னுக்கிட்டு நீங்கதான சொன்னீங்க? அப்ப அந்தக் கெழவி வெரலு எதுல வெந்துச்சுங்க?"

"நேர்ல வந்து மன்னிப்புக் கேக்குறேன்"ன்னாரு.

அதச் சொல்லத்தான் ஞாயித்துக்கெழமை காலையில பூமாலை வூட்டுக்குப் போனேன். அதுக்குள்ள அவ குடம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, அந்த வயசுல மண்ணு சொமக்கப் போயிட்டா. நான் போனப்ப தலையில எண்ணெய் வெச்சுத் தேச்சுக்கிட்டிருந்தா.

"அவரு ஒண்ணும் வர வேணாங்க்கா. கதை கட்டுறது அவரு பொழப்பு. நீ எதுக்கு ஏரிக்கரைக்குப் பாட்டில் கொண்டாந்த?"

மாத்திரைக்கு வெந்நிதான் குடிக்கணும்னு டாக்டர் சொன்னாருன்னேன். சொன்னது உண்மைதான், இன்னிக்கும் சொல்லுவேன். ஆனா அவரு சொன்னது போன வருசம்.

"நாப்பத்தஞ்சு வருசமா என் கையால குடிச்சவ நீயி"ன்னா.

"இப்பக் குடு. குடிக்கிறேன்."

"வாசல்ல குழா இருக்கு. புடிச்சுக்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

நான் குழா பக்கம் போவல. நாக்கு வறண்டாலும் சரி, அவ வந்து ஊத்தட்டும்னு வாசல்லயே ஒக்காந்துட்டேன். வெயிலு காலுக்கு வந்துச்சு, மடிக்கு வந்துச்சு. உள்ள பாத்திரம் கழுவுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.