நாலு பேர் கூலி, ஒருவர் கையெழுத்து

என் மனிசன் நிக்கலசுக்குப் பொய் சொல்ல வராது. எங்களுக்கு வினை அதாலேயே வந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு. டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் அவரையும் நிறுத்திவிட்டார்கள். வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கிற காசில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அந்த நேரம் ஒரு தோட்டத்தில் கிறிஸ்மஸுக்கு நத்தார் மரம் வெட்டுகிற ஒப்பந்தம் ஒன்று வந்தது. எங்கள் மன்னாரில் நெல் அரிவு வெட்டை ஒருவர் பேசி எடுத்து, கூலியைக் கூட்டாளிகளுக்குச் சமமாகப் பிரிப்பார். அந்தப் பழக்கத்தில் இவர் கையெழுத்து வைத்தார். எங்கள் ஊர்ப் பெடியன் பீற்றரும் இன்னும் இரண்டு பெடியன்களும் கூட வெட்டினார்கள். மூவரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள், வேலை செய்ய அனுமதி இல்லாதவர்கள். தோட்டக்காரன் முழுக்காசையும் இவர் பெயரில் கொடுத்தான். இவர் அதை நாலாகப் பங்கிட்டார்.

"பேசாமல் இருங்கோ. ஆர் பாக்கப் போறான்?" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. உழைச்சதைச் சொல்லத்தான் வேணும்" என்று தன் பங்கை மட்டும் எழுதி, காசு தருகிற அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பினார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

தோட்டக்காரனும் கணக்குக் காட்டியிருந்தான், முழுத் தொகைக்கு. கந்தோரில் கூப்பிட்டார்கள். நானும் போனேன். அங்கிருந்த பெண் நல்லவள், கோப்பி தந்தாள்.

"மிச்சம் யாருக்குப் போனது? பெயர்களைச் சொன்னால் சரிசெய்யலாம். சொல்லாவிட்டால் மறைத்ததாகத்தான் எடுப்போம். காசு நின்றுவிடும்."

சொன்னால் பெடியன்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். ஊரில் ஆமி பிடித்துக்கொண்டிருந்த காலம். சொல்லாவிட்டால் நாங்கள் கள்ளர். எனக்கு 'சொல்லித் துலையுங்கோவன்' என்று வாய்வரை வந்தது. பீற்றரின் முகம் நினைவுக்கு வர, விழுங்கிவிட்டேன்.

"எல்லாம் நானே வெட்டினேன்" என்றார் அவர் டெனிஷில். பாவி மனிசன், ஒரு பிழையில்லாமல் சொன்னார்.

காசு நின்றது. விஷயம் கேள்விப்பட்டு மூவரும் வீட்டுக்கு ஓடிவந்தார்கள்.

"அண்ணை, எங்கட பேரைக் குடுத்தனீங்களோ?"

"இல்லையடா."

அவர்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பீற்றர் கண்ணைத் துடைத்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "தையிலை வேற தோட்டத்திலை வேலை இருக்காம். நீங்கள்தானே அண்ணை கையெழுத்து வைக்கோணும்?"

"அட, உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையோ?" என்று சீறினேன். மூவரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எப்ப வரச் சொன்னவன்?" என்று கேட்டார்.