கூடவே வந்த தகைவிலான்கள்

வேடந்தாங்கல் பார்வைக் கோபுரத்தின் மேல் நின்றுகொண்டு, வலப்பக்க வானத்தில் ஏழெட்டுத் தகைவிலான்கள் பறக்கின்றன என்று சொன்னேன். தகைவிலான் என்பது நீர்ப்பரப்பின் மேல் ஓய்வில்லாமல் வளைந்து பறக்கும் சின்னக் கறுப்புக் குருவி. பக்கத்தில் நின்ற அன்வர் பாய் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார்.

"ஒண்ணும் இல்ல சகாயம்."

"இன்னா பாய், இவ்ளோ ஜாஸ்தியா பறக்குது. கண்ணு தெரியலியா உனக்கு?"

இந்தக் கட்டுரையில் நான் செய்யப்போகும் முட்டாள்தனங்கள் பல. முதல் பரிசை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடலாம்.

அன்வர் பாயும் நானும் ஆம்பூரில் ஒரே தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். அவர் சாயம் தெளிக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். நான் தரம் பிரிக்கிறவன். வடக்கு ஜன்னலோரம் மேஜையில் தோலை விரித்து, சாய்வெளிச்சத்தில் குறை தேடுவது என் தொழில். உண்ணிக்கடி, முள் கீறல், கத்தி பட்ட இடம், உப்பு தின்ற புள்ளி. கண்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கீழ்த்தரத்துக்குத் தள்ளுவேன். இருபத்தாறு வருடம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான்.

அந்தக் குணம் ஞாயிற்றுக்கிழமையும் விடாது. எங்கள் பறவை நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு: இருவரும் பார்த்தால்தான் பறவை ஏறும். சட்டம் போட்டவன் நான். பாய் வாரத்துக்கு ஓர் அபூர்வப் பறவையைத் தனியாகப் பார்த்துவிடுகிறாரே என்ற சந்தேகத்தில் போட்டது. ஆகவே அன்று கூழைக்கடா ஏறியது, நத்தைகுத்தி நாரை ஏறியது, ஊசிவால் வாத்து ஏறியது. என் தகைவிலான்கள் ஏறவில்லை. பாய் பழி வாங்குகிறார் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், தலையைத் திருப்பும்போதெல்லாம் வலது ஓரத்தில் மின்னல் வெட்டியது. "மழை வரும்போல" என்றேன். பாய் கார்க் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருந்தன.

மறுநாள் எழுந்தபோது தகைவிலான்கள் சமையலறையில் பறந்தன. உடனே மருத்துவரிடம் போனேன் என்று எழுதத்தான் ஆசை. நான் சந்தேகப்பட்டது பைனாகுலரை. அதன் கண்ணாடியில் பூஞ்சை பிடித்து, அந்தத் தூசு என் கண்ணில் ஒட்டிக்கொண்டதாக ஒரு கொள்கை வகுத்து, வேலூர் லாங் பஜாரில் ஒரு ரிப்பேர்க் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் துடைத்துப் பார்த்து, "சுத்தமா கீது, எதுக்கு எடுத்தாந்த?" என்றார். இப்போது கடைக்காரர் மேலும் சந்தேகம் வந்தது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால், ஓரத்தில் மின்னல் வெட்டினால், தயவுசெய்து லாங் பஜாருக்குப் போகாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். ஒன்றிரண்டு மிதவைகள் (கண்ணுக்குள் இருக்கும் கூழில் மிதக்கும் துணுக்குகள், அவற்றின் நிழல்தான் புள்ளியாகத் தெரியும்) பலருக்கும் உண்டு, பெரும்பாலும் கெடுதல் இல்லை. கூட்டமாக, மின்னலோடு வந்தால் சங்கதி வேறு.

எனக்குச் சங்கதி மேஜையில் தெரிந்தது. அந்த வாரம் ஒரு லாட் ஆட்டுத்தோல் வந்தது. நல்ல சரக்கு என்றார்கள். நான் விரித்த தோலெல்லாம் புள்ளி. போட்டேன் வட்டம். இரண்டு நாள் ஓயாமல் போட்டேன். உப்புக் கிடங்கில் யாரோ கோளாறு செய்து மறைக்கிறார்கள் என்று மனதுக்குள் ஒரு பெயர்ப்பட்டியலே தயாரித்தேன்.

மூன்றாம் நாள் அன்வர் பாய் வந்தார். நான் தள்ளிய கட்டிலிருந்து ஒரு தோலை எடுத்து ஜன்னலில் பிடித்தார். இன்னொன்று. இன்னொன்று. வட்டங்கள் அழகாக இருந்தன. வட்டங்களுக்குள் ஒன்றும் இல்லை.

"எங்கடா புள்ளி?"

"இதோ பாரு பாய்." விரலை வைத்தேன். தோலை அவர் மெல்ல அந்தப் பக்கம் இழுத்தார். புள்ளி தோலோடு போகவில்லை. என்னோடு நின்றது.

அவர் சிரிக்கவில்லை. வாழ்நாளில் என்னைக் கிண்டல் செய்ய அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு அது. தோலை மடித்து வைத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆனாலும் மருத்துவரிடம் போகவில்லை. வலது கண் போயிற்று என்று தெரிந்தால் மேஜையும் போயிற்று. இதற்குள் மூக்குப் பக்கம், கீழ் மூலையில் ஒரு நிழல் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. என் மூக்கு வளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். வயதானால் மூக்கு வளரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வேடந்தாங்கல் போய் வந்த ஒன்பதாம் நாள் காலை பாய் காரோடு வந்தார். "கணியம்பாடிப் பக்கம் ஒரு ஏரியில வரித்தலை வாத்து எறங்கிகீது. பதினோரு உருப்படி. கெளம்பு."

வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருவது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். பல வருடமாக எங்கள் நோட்டில் அதற்கு ஒரு பக்கம் காலியாகக் கிடக்கிறது. கிளம்பினேன். பின் சீட்டில் என் மனைவி எஸ்தர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். சேற்று வாடை ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து ஏரிக்கு வராதவள். மடியில் ஒரு துணிப்பை. அதில் என் லுங்கி.

"ஏரிக்கு எதுக்கு லுங்கி?"

"நனைஞ்சா கட்டிக்கலாம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

சதி என்று தெரிந்துவிட்டது. யாருடைய சதி, எதற்கு என்பதுதான் தெரியவில்லை. கார் வேலூரில் ஒரு கண் மருத்துவமனை வாசலில் நின்றது.

"வாத்து?" என்றேன்.

"உள்ள கீது. எறங்கு."

கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு, நடைவழி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எஸ்தர் என் கையைப் பிடித்திருந்தாள். அது அன்புக்கா, ஓடாமல் இருப்பதற்கா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மருத்துவர் இளம்பெண். வெளிச்சம் பாய்ச்சி எல்லாத் திசையிலும் பார்க்கச் சொன்னார். "விழித்திரை விலகியிருக்கு" என்றார். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்புவது அதுதான். "மேல ஒரு கிழிசல். அது வழியா தண்ணி இறங்கி, சுவத்துல ஒட்டின காகிதம் மாதிரி உரிஞ்சிட்டு வருது."

எனக்குப் புரிந்தது. தோலில் இதற்கு 'லூஸ் கிரெயின்' என்போம். மேற்பரப்பு அடித்தோலை விட்டுத் தளர்ந்துபோவது. அந்தத் தோலை நான் இரண்டாம் முறை தொடமாட்டேன்.

"இன்னைக்கே அட்மிட் ஆகணும்" என்றார்.

கட்டில் காலியாகக் கிடக்கிறது போலும் என்று நினைத்தேன். "ஒரு வாரம் கழிச்சு வர்றேனே மேடம், லாட் ஒண்ணு பாதியில நிக்குது."

அவர் கோபப்படவில்லை. "விழித்திரையோட நடுப்புள்ளி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு சார். நீங்க படிக்கிறது, முகம் பாக்கிறது, தோல் பாக்கிறது எல்லாம் அதாலதான். இன்னைக்கு இருக்கு. நாளைக்கும் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

தோல் பார்ப்பவன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எஸ்தரைப் பார்த்தேன். அவள் பாயைப் பார்த்தாள். பாய் சுவரில் தொங்கிய கண் படத்தை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விட்ரெக்டமி (கண்ணுக்குள் உள்ள கூழை எடுத்துவிட்டு, விழித்திரையைப் பழைய இடத்தில் ஒட்டவைக்கும் அறுவை) நடந்தது. கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, உள்ளே ஒரு வாயுக் குமிழி வைத்தார்கள். குமிழி மேலே எழும்பி, விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்குமாம். அதற்கு நான் ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். குமிழி கரையும்வரை விமானம் கூடாது என்றார் மருத்துவர். நான் பஸ்ஸிலேயே நின்றுகொண்டு போகிறவன் என்றேன். "ஏலகிரியும் ஏறாதீங்க. மேல போனா குமிழி விரியும்" என்றார்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டுத் தரையை நான் மனப்பாடம் செய்தேன். கவிழ்ந்து சாப்பிட்டேன், கவிழ்ந்து ஜெபித்தேன். தூக்கத்தில் மல்லாந்துவிடுவேன் என்று எஸ்தர் என் பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தாள். பார்க்க வந்தவர்களை எல்லாம் செருப்பை வைத்தே அடையாளம் கண்டேன். ஆம்பூர்க்காரனுக்கு அது கஷ்டமில்லை. மேலாளர் வந்தபோது, அவருடைய ஷூவின் முன்பக்கம் கீழ்த்தரம் என்பதை மரியாதை கருதி சொல்லவில்லை.

ஒருநாள் அன்வர் பாயின் செருப்பு வந்து கட்டிலருகே நின்றது.

"எஸ்தர் கிட்ட சொன்னது நீதானே?"

"நானேதான். வேடந்தாங்கல்லயே டவுட்டு. நீ தலைய திருப்புனா ஒன் குருவியும் திரும்புது. எந்த ஊருலடா குருவி அப்பிடி பறக்கும்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பியா?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்ப்பது.

"அந்த வாத்து?"

"அது நெஜம். பதினொண்ணு." செருப்பு கொஞ்சம் அசைந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தலையை நிமிர்த்த அனுமதி வந்தபின், வலது கண்ணில் ஒரு நீர்மட்டக் கோடு தெரிந்தது. மேலே கொஞ்சம் தெளிவு; கீழே தளும்பும் மங்கல். நடந்தால் அலையடித்தது. நாளுக்கு நாள் அந்தக் கோடு இறங்கியது. ஏரி வற்றுவதைப் போலத்தான். தை பிறந்ததும் மாசி வந்ததும் காலண்டரில் எனக்குத் தெரியாது. மட்டம் எஸ்தரின் நெற்றியில் இருந்த நாள், கழுத்துக்கு இறங்கிய நாள் என்றுதான் ஞாபகம். கடைசியில் அடியில் ஒரு சிறு வட்டம் மிதந்தது. ஒரு காலை பல் தேய்க்கும்போது அதுவும் இல்லை.

நடுப்புள்ளி பிழைத்தது. முழுவதும் பழையபடி என்று சொன்னால் பொய். அந்தக் கண்ணுக்கு ஜன்னல் கம்பி லேசாக வளைந்து தெரிகிறது. ஒற்றைக் கறுப்புப் புள்ளி ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மேஜையில் நான் போடும் வட்டத்தை இப்போது இன்னொருவரும் பார்த்த பிறகுதான் தோல் தள்ளப்படுகிறது. என் சட்டம் என்னையே பிடித்துக்கொண்டது.

மார்ச் முதல் ஞாயிறு, பாய் என்னைக் கணியம்பாடிப் பக்கத்து அந்த ஏரிக்கு அழைத்துப் போனார். முக்குளிப்பான்கள் இருந்தன. நாமக்கோழிகள் இருந்தன. வரித்தலை வாத்து ஒன்றுகூட இல்லை.

"வெயில் வந்துடுச்சில்ல, கெளம்பிப் போயிருக்கும்" என்றார் பாய்.

"கெளம்பியிருக்கும், கெளம்பியிருக்கும்."

"நம்பலன்னா போ."

கரையில் உட்கார்ந்தோம். அப்போது வலப்பக்க வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வளைந்து வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முன்பெல்லாம் பார்த்ததும் பார்த்தேன் என்பேன். இப்போது நடுவில் ஒரு வேலை இருக்கிறது. கண்ணை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். என் பழைய புள்ளி கூடவே வந்தது. இது வரவில்லை. தன் பாட்டுக்குத் தண்ணீரைத் தொட்டு, எழும்பி, அந்தப் பக்கம் போயிற்று.

அப்போதும் நான் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

பாய் நோட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"தகைவிலான்" என்றார். "ஒண்ணு."