மூணு நிமிஷத்தில் பேசத் தெரியாதவர்கள்

"அப்புறம்?" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவரை ஒரே ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுண்டு. எழுபதுகளின் கடைசியில் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்செட், எதிரே துளை துளையாக ஒரு பலகை, ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குச் செருக வயர். வெளியூருக்குப் பேசுகிறவர்கள் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காலையில் பதிந்தால் சாயங்காலம் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தபின் மூன்று நிமிஷம்தான் கணக்கு.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய மூன்று நிமிஷத்தில் இவர்கள் என்ன பேசினார்கள் என்கிறீர்கள்? வையம்பட்டியில் ஒரு கடலை வியாபாரி. மெட்ராஸில் இருக்கும் தம்பியோடு பேச அரை நாள் காத்திருப்பார். லைன் கிடைத்ததும், "நல்லா இருக்கியா?" "இருக்கேன். நீங்க?" "இருக்கேன். அப்புறம்?" "நீங்கதான் சொல்லணும்." "அங்க மழையா?" "இல்ல. அங்க?" "இங்கயும் இல்ல. அப்புறம்?" மூன்று நிமிஷம் முடிந்தது என்று நான் குறுக்கே சொன்ன பிறகுதான், கோர்ட்டில் வாய்தா என்றைக்கு என்று அவருக்கு ஞாபகம் வரும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற மனிதர். அதற்கு இன்னொரு மூன்று நிமிஷம் நீட்டிக்கச் சொல்லுவார்.

அவராவது பரவாயில்லை. வெங்காய மண்டிக்காரர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக "நான் சொல்றது புரியுதுங்களா?" என்பார். புரியாமல் போக அதில் ஒன்றும் இருக்காது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைத்தான் சொன்னார்கள். "விவரமா லெட்டர்ல எழுதறேன்" என்றவர்கள் லெட்டர் எழுதியிருந்தால் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்கள். பெண்கள் "வெச்சுடட்டுமா?" என்று கேட்பார்கள், அந்தப் பக்கத்துக்காரி "சரி, வெச்சுடு" என்பாள், இரண்டு பேரும் வைக்க மாட்டார்கள். நாங்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று சட்டம். லைன் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கலாம். பார்க்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டோம். கேட்கக் கேட்க எனக்குக் கால் நிலைகொள்ளாது. விரல் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும். சூப்பர்வைசர் அம்மா என் பின்னால் வந்து நின்று, மேசையைத் தட்டாமல் வேலை செய்யத் தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போவார்.

டூட்டி முடிந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் அதே பேச்சுதான். காவேரிப் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும், பக்கத்துச் சீட்டு அம்மாள் "வேற என்ன விசேஷம்?" என்பாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. அங்கே எனக்காகக் காத்திருந்த சொல் வேறு. "பாக்கலாம்." அப்பா தமிழில் மற்ற எல்லாச் சொற்களையும் கோயிலுக்கு எழுதி வைத்துவிட்டு இதை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தார். கூரை ஒழுகுகிறதா, பாக்கலாம். சமையல் கேஸுக்கு எழுதிப் போடலாமா, பாக்கலாம். ரொம்ப நெருக்கினால் "பெருமாள் இருக்கார்" என்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். சண்டை போடவும் இடம் கொடுக்க மாட்டார். கத்துகிற அப்பாக்களை உடையவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டது என் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் தன்னோடு காலேஜில் படித்த மேலப்புதூர்க் கிறிஸ்தவரை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு பம்பாய் போய்விட்டாள். அப்பா திட்டவில்லை, தலை முழுகவில்லை. அவள் பேரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். இப்போது அக்காவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் என்பது எங்களிடம் எழுதாத சட்டம். அம்மா அப்பாவிடம் கேட்டாள். பாக்கலாம் என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டாள். பெருமாள் இருக்கார் என்றார்.

அக்காவோ அப்பாவின் பெண். அம்மா எழுதியதற்கெல்லாம் ஒரே பதில் போட்டாள்: அப்பா தன் வாயால் வா என்று சொன்னால் வருவேன், இல்லாவிட்டால் இங்கேயே ஏதாவது ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்கிறேன். இன்னும் பத்து நாள் போனால் ரயிலில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தைடி. அதை அவர் வாயிலேர்ந்து வரவழைச்சுடு" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அப்பா மேல் வந்தது, பிடிவாதமாக ஒரே பதிலை எழுதுகிற அக்கா மேலும் வந்தது.

அப்பாவிடம் நான் சுற்றி வளைக்கவில்லை. நாளைக் காலையில் கோயிலிலிருந்து வரும்போது எதிர் வீட்டு டாக்டர் மாமா கிளினிக்கில் போன் பக்கத்தில் உட்காருங்கள், பம்பாய்க்கு லைன் போட்டுத் தருகிறேன் என்றேன். பாக்கலாம் என்றார். ஆனால் மறுநாள் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ரிசீவரை எடுத்து அவர் தொண்டையைக் கனைத்தது எனக்கு எக்ஸ்சேஞ்சில் கேட்டது.

மெட்ராஸைப் பிடித்து, அதன் வழியாகப் பம்பாயைப் பிடித்தேன். அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்கள் மாடியிலிருந்து அவளைக் கூப்பிட்டு வந்தார்கள். "அப்பா?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அப்பா ஏதோ சொன்னார். "கேக்கலை" என்றாள். அப்பா மறுபடி சொன்னார். "ஹலோ, ஹலோ" என்றாள்.

லைன் மோசமாக இருந்தால் நாங்கள் ஒரு வேலை செய்வோம். எங்கள் குரல் இரண்டு பக்கமும் தெளிவாகப் போகும். அதனால் இவர் சொன்னதை அவருக்கும், அவர் சொன்னதை இவருக்கும் நாங்களே எடுத்துச் சொல்லுவோம். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும்; கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எத்தனையோ ஊர்ச் சாவையும் கல்யாணத்தையும் அப்படி நான் வாய் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

"நான்தான் பேசறேன். அப்பா சொல்றதை நான் உனக்குச் சொல்றேன்" என்றேன்.

அப்பா ஆரம்பித்தார். சௌக்கியமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். சௌக்கியம் என்றாள். அங்கே மழையா என்று கேட்கச் சொன்னார். என் பல் நறநறத்தது. கேட்டேன். ஆமாம் என்றாள். தேக சௌக்கியத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதையும் சொன்னேன். கடிகாரத்தின் முள் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கடலை வியாபாரியிடமும் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. சூப்பர்வைசர் அம்மா என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. சொந்தக் காரியத்துக்கு லைன் போட்டதற்கு மெமோ நிச்சயம்.

அப்போது அக்கா கேட்டாள். "நான் வரட்டுமான்னு அப்பாகிட்ட கேளு."

அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. "அப்பா, அவ வரட்டுமான்னு கேக்கறா" என்றேன்.

அப்பா பக்கம் கிளினிக்கில் யாரோ இருமினார்கள். பிறகு அப்பா சொன்னார்: "பாக்கலாம்னு சொல்லு. பெருமாள் இருக்கார்."

பம்பாயில் ஒரு பெண் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்கிறாள். எங்கள் வீட்டுச் சமையலறையில் இன்னொருத்தி அடுப்பை அணைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் வயரைப் பிடித்துக்கொண்டு நான்.

"அப்பா உன்னை வரச் சொல்றார்" என்றேன்.

என் குரல் இரண்டு பக்கமும் போகும் என்று சொன்னேன் அல்லவா? அப்பாவுக்கும் அது போயிற்று. அக்கா பக்கம் ஒரு விசும்பல். அப்பா பக்கம் வெறும் இரைச்சல். அவர் ரிசீவரை வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுப்பார், என் வேலையோடு அக்காவும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். மூன்று நிமிஷம் முடிந்ததற்கான விளக்கு எரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற சூப்பர்வைசர் அம்மா பார்த்திருப்பார், ஆனாலும் லைனை விட்டுவைத்தார்.

"இருக்கியா?" என்றார் அப்பா.

"இருக்கேம்பா" என்றேன்.

"தனியா ரயில் ஏற வேண்டாம்னு சொல்லு. மாப்பிள்ளையைக் கூட்டிண்டு வந்து விடச் சொல்லு."

இதை மட்டும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பம்பாய்க்குச் சொன்னேன்.