எந்த ரிசல்ட்?

இன்று கம்பம் பஸ்ஸில் ஒருவர் போனில், "ரிசல்ட் வந்திருச்சா?" என்று கத்தினார். பரீட்சையா, ரத்தப் பரிசோதனையா, எலக்‌ஷனா என்று பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது.

எனக்கு எண்பதுகளில் எங்கள் வீட்டில் நடந்தது ஞாபகம் வந்தது.

அக்கா டீச்சர் டிரெயினிங் பரீட்சை எழுதியிருந்தாள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன தேவாரம் ஊர்க்காரர்களும் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் மாமா வாசலிலேயே அம்மாவைப் பார்த்துக் கூவினார். "அக்கா, ரிசல்ட் வந்திருச்சு! நல்ல சேதி!"

"மாப்பிள்ளை வீட்ல சரின்னுட்டாகளா?" என்ற அம்மா, பாயசத்துக்கு ஜவ்வரிசியைத் தேடப் போனாள். அக்காவின் முகம் வாடிவிட்டது.

"அது இல்லக்கா. உன் மக பாஸாயிட்டா!" என்று மாமா பேப்பரை நீட்டினார்.

அக்கா தன் நம்பரைப் பார்த்தாள். அதுவரை சொல்லப் பயந்ததை அப்போதுதான் சொன்னாள். "அப்பா, நான் வேலைக்குப் போறேன். இந்த மாப்பிள்ளை வேணாம்."

அப்பா திகைத்துப்போனார். "அவுக வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"மாப்பிள்ளை ஃபெயிலுன்னு சொல்லுங்க."

அப்பாவே சிரித்துவிட்டார். பாயசமும் கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பெண்கள் எத்தனை மாப்பிள்ளைகளை ஃபெயிலாக்கினார்கள்? கமெண்டில் சொல்லுங்கள்.