பழைய காருக்குப் புதுப் பூஜை

நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்வரிசையில் மனு எழுதிக் கொடுக்கிறவன். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. அடுத்தவர் குறையை எழுதி எழுதியே கை பழகிப் போயிருக்கிறது. என் குறையை எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்களிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது. மூன்று சிலிண்டர், டர்போ வைத்த பெட்ரோல் வண்டி. ஒருத்தர் நாலு வருஷம் ஓட்டியதை வாங்கினேன். வாங்கிய அன்றைக்கு அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுத்தி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டியை எடுக்கப் போகும்போது என் மனைவி கற்பூரத் தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"இதுல அடிச்சு சொல்லுங்க. எண்பதைத் தாண்ட மாட்டேன்னு."

அவள் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய ஒரே தம்பி கார் விபத்தில் போய்ச் சேர்ந்தவன். கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில், சிநேகிதன் காரில் போகும்போது, முன்னால் போன பஸ்ஸை முந்தப் போய் எதிரே வந்த லாரியில் மோதிவிட்டார்கள். அவனுக்குப் பெண் பார்த்துப் பேசி வைத்திருந்த சமயம் அது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவள் எந்தக் காரிலும் ஏறவில்லை. எங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கே பட்டுப்புடவையோடு டவுன் பஸ்ஸில்தான் மண்டபத்துக்கு வந்தாள். சம்பந்தி வீட்டார் வாய்விட்டே சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தேன். "அண்ணாமலையார் சத்தியமா தாண்ட மாட்டேன்" என்றேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கரி ஒட்டியிருந்தது. அப்புறம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருஷம் கழித்து ஏறுகிறாள், என் ஒரு வார்த்தையை நம்பி.

இரண்டு வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். அவளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்து வரப் பழகினாள்.

ஆனால் வண்டியில் ஒரு குறை இருந்தது. மெதுவாகப் போகிறபோது திடீரென்று மிதித்தால் உடனே இழுக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் சும்மா முனகும். பிறகு டர்போவில் காற்று ஏறி ஒரே தாவாகத் தாவும். ஒரு நாள் செங்கம் ரோட்டில் கரும்பு டிராக்டரை முந்தினேன். நான் மிதிக்கிறேன், வண்டி முனகுகிறது, எதிரே வேன் வந்துவிட்டது. கடைசி நிமிஷத்தில் வண்டி தாவ, இடது பக்கம் ஒடித்துக்கொண்டேன். அவள் கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்த கையை வீடு வந்த பிறகும் எடுக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் என் கடைக்கு நாலு வீடு தள்ளி கார் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் தம்பியிடம் போனேன். முப்பத்தைந்து வயசு இருக்கும். பக்கத்துக் கிராமத்து நயினார் குடும்பம், சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிறவர்கள். அவர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லண்ணா. கம்பெனியில ஜாக்கிரதையா எழுதி அனுப்பிச்சிருக்காங்க. மாத்தி எழுதினா முனகறது கம்மியாயிடும்."

"எழுதறதா? எங்க எழுதுவ?"

"உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குதுண்ணா. எப்ப எவ்ளோ காத்து, எவ்ளோ பெட்ரோல்னு எல்லாம் அதுலதான் எழுதியிருக்கும். நீங்க மனு எழுதறா மாதிரி நான் அதுல எழுதறேன்."

"நான் எழுதினா பதில் வர ஒரு வருஷம் ஆகும்பா."

"இது மிதிச்ச உடனே வரும்."

சிரித்துக்கொண்டோம். வேகமும் கூடுமா என்று கேட்டேன்.

"கூடும். அது ஓட்றவங்க கால்ல இருக்கு. வேணும்னா எண்பதுல ஒரு பூட்டு போட்டுடறேன். அதுவும் எழுத்துதான். அதுக்கு மேல எவ்ளோ மிதிச்சாலும் போகாது."

"கற்பூரத்துல அடிச்சவனுக்குப் பூட்டு எதுக்கு தம்பி?"

அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "உங்க இஷ்டம்ணா" என்றார்.

மனைவியிடம் வண்டியை சர்வீஸுக்கு விடுவதாகச் சொல்லிவிட்டு ஒரு நாள் மத்தியானம் கொண்டுபோய் நிறுத்தினேன். நல்லது செய்கிறோம், அவளுக்காகத்தான் செய்கிறோம், செய்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பாதிதான் உண்மை என்று இப்போது தெரிகிறது. வண்டி சீறிக்கொண்டு போகுமே என்கிற ஆசை மீதிப் பாதியில் இருந்தது.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஆயிலை மாற்றினார். நடுவில் கரண்ட் குறையக் கூடாதென்று பேட்டரிக்கு சார்ஜர் போட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, வண்டிக்குள் இருந்த பழைய எழுத்தை முழுசாக லேப்டாப்பில் எடுத்துக்கொண்டார்.

"இதுதான் ஒரிஜினல். இதைத் தொட மாட்டேன். காப்பி எடுத்து அதுலதான் மாத்துவேன். பிடிக்கலன்னா எப்ப வேணா பழையபடி ஆக்கிடலாம்."

"மூலவர் உள்ளயே இருப்பாரு. உற்சவர்தான் வீதிக்கு வருவாரு."

"அதேதாண்ணா."

புது எழுத்தை ஏற்றுகிற நேரம் கதவைத் திறக்கக் கூடாது, ஒரு பட்டனைத் தொடக் கூடாது என்றார். திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. நான் டிரைவர் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நமசிவாய சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தேன். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "காத்து சரியா ஏறுது, சூடு ஜாஸ்தி ஆகல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மிதித்தால் முனகல் இல்லை. கூப்பிட்டவுடனே "தோ வந்துட்டேன்" என்கிற பிள்ளை மாதிரி வந்தது வண்டி. பொழுது சாயப் போகிறது, சாப்பிட வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் ஷெட்டைச் சாத்திவிட்டார்.

நான் நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பைபாஸ் பக்கம் திருப்பினேன். ரோடு காலியாக இருந்தது. எண்பது வரைக்கும் ஸ்பீடு முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் பார்க்கவில்லை. முதுகை சீட்டோடு வைத்து அழுத்துகிற அந்த வேகம் இருக்கிறதே, ஐம்பத்திரண்டு வயசில் எனக்கு அது புதுசு. வாய்விட்டுச் சிரித்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. வளைவில் திரும்பினதும் முன் கண்ணாடி முழுக்க மலை நின்றது. குனிந்து பார்த்தேன். முள் நூற்றுப் பதினைந்தில் இருந்தது. பூட்டு எதற்கு என்று கேட்டவன், ஷெட்டை விட்டுக் கிளம்பி கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

காலை எடுத்துவிட்டேன். ஓரம் கட்டி நிறுத்தினேன். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. கிரிவலப் பாதையில் வாயு லிங்கத்துக்குப் போனேன். காற்றுக்கு உரிய சாமி, காற்றால்தானே இந்தத் தப்பு நடந்தது என்று ஏதோ ஒரு கணக்கு மனசில். பூ, தேங்காய், நாலு எலுமிச்சம்பழம் வாங்கினேன்.

"புது வண்டியா?" என்று கேட்டார் பூசாரி.

"புதுசு மாதிரிதான் சாமி" என்றேன்.

பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பழத்தின் மேல் ஏற்றி நசுக்கினேன். சாமியிடம் சொல்லியாகிவிட்டது, பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கேட்டைத் திறக்க அவள்தான் வந்தாள். பானெட்டைப் பார்த்தாள். குனிந்து, டயரில் ஒட்டியிருந்த எலுமிச்சம்பழத் தோலைப் பார்த்தாள்.

"பழைய காருக்கு எதுக்குங்க புதுப் பூஜை?"

வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான். நெற்றி முழுக்க விபூதியை வைத்துக்கொண்டு மழுப்ப வாய் வரவில்லை. கேட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எவ்ளோ போனீங்க?"

"நூத்திப் பதினஞ்சு."

"என் தம்பியும் சாமி கும்பிட்டவன்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராத்திரி சாப்பாடு போடும்போது, வண்டியைப் பழையபடி ஆக்கிவிடலாம், ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

"வண்டி என்ன தப்பு பண்ணிச்சு?" என்றாள்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போய் எண்பதில் பூட்டுப் போடச் சொன்னேன். அந்தத் தம்பி ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், போட்டுக் கொடுத்தார். ஓடி வந்து வீட்டில் சொன்னேன், இனிமேல் நினைத்தாலும் போக முடியாது என்று.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "கற்பூரத்துல அடிச்சது வண்டியா?"

அதற்கு அடுத்த நாள் மறுபடியும் ஷெட்டுக்குப் போனேன். பூட்டை எடுத்துவிடச் சொன்னேன்.

"நேத்து போடுன்றீங்க, இன்னிக்கு எடுன்றீங்க. மனு வாபஸாண்ணா?"

"வாபஸ்தான் தம்பி."

அடுத்த வாரம் மச்சானுக்குத் திதி. வருஷா வருஷம் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் அம்மா வீட்டில்தான் கொடுப்பது. இரண்டு வருஷமாகக் காரில்தான் போனோம். அன்றைக்கு விடிந்ததும் எள்ளு, தர்ப்பை, வாழைக்காய் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு, "நான் பஸ்ல போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை.

கொஞ்சம் பொறுத்து நானும் காரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றேன். அவள் ஏறிய பஸ் வெளியே வந்ததும் பின்னாலேயே போனேன். பஸ் முப்பதில் போனால் முப்பது, ஐம்பதில் போனால் ஐம்பது. ஆள் ஏற நின்றால் நானும் நின்றேன். முந்த இடம் கிடைத்தது, முந்தவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டிவிட்டு, என்னையும் பஸ்ஸையும் சேர்த்துத் தாண்டிப் போனார்கள். பஸ்ஸுக்குள் ஒரு அம்மா, "எவனோ ஒரு கார்காரன் டவுன்ல இருந்து நம்ம பின்னாடியே வரான், ஓட்டத் தெரியாதாட்டம் இருக்குது" என்று சொன்னதாகப் பிறகு என் மனைவி சொன்னாள்.

மச்சான் அடிபட்டுப் போன இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்டாப் இருக்கிறது. பஸ் நின்றது. அவள் இறங்கினாள். அது அவள் இறங்குகிற இடம் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏன் இப்படி ஊர்ந்துகிட்டு வரீங்க? முந்திக்கிட்டுப் போறதுக்குத்தானே பண்ணிக்கினு வந்தீங்க?"

முன் கதவைத் திறக்கக் கையை நீட்டினேன். அவள் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பையை முன் சீட்டில் வைத்தாள்.

"ஐயர் வந்துடுவாரு. போங்க."

"பஸ்ஸு கிளம்பட்டும்."

"எதுக்கு? ஆளு ஏறிக்கிட்டே இருக்குது. முந்துங்க."

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? எதிர்ல பாருங்க. பார்த்துட்டு முந்துங்க."

எதிரே பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன். ரோடு நெடுக காலியாக இருந்தது. இண்டிகேட்டர் போட்டு மிதித்தேன். வண்டி முனகாமல் கிளம்பி பஸ்ஸைத் தாண்டி இடது பக்கம் வந்துவிட்டது. முள் அறுபதில் இருந்தது. அங்கேயே வைத்தேன். அந்த இடம் வந்தது, போனது. இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் போனாலும் அந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அன்றைக்கு மூடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "இப்ப முனகலையே" என்றாள்.

"முனகல."

அவ்வளவுதான் பேசினோம்.

அதற்கப்புறம் எங்கே போனாலும் காரில்தான் வருகிறாள். ஆனால் பின் சீட்டில். முன் சீட்டில் அவளுடைய பைதான் வருகிறது. பூட்டு போடவில்லை. கற்பூரத் தட்டையும் அவள் மறுபடி நீட்டவில்லை. பின்னால் இருந்து பார்த்தால் முள் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அதைப் பார்க்க வேண்டியவன் நான்.