கப்பல் ஏறாத பட்டாசுப் பெட்டி

என் மச்சானுக்குக் கையை வீசிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகத் தெரியாது. அக்காவின் கணவர். சிவகாசி போகிற சாலையில் பட்டாசு மொத்தக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர் என்றால் அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்றால் பால்கோவா, எங்கள் பக்கத்து ஆள் என்றால் ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். புதுவீடு புகுந்தவரைப் பார்க்கப் போனாலும் கண் ஆபரேஷன் செய்துகொண்டவரைப் பார்க்கப் போனாலும் பெட்டி கூடவே போகும். பஸ்ஸில் ஏற்றக் கூடாது, ரயிலில் ஏற்றவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். போர்வைக்குள் சுற்றி எல்லோரும் கொண்டுபோய்க்கொண்டுதான் இருந்தோம். அலட்சியம் என்று சொல்ல மனம் வரவில்லை. பட்டாசு ஆலைகள் இருக்கிற தாயில்பட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தால் கடையில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்துவோம். அங்கே வேலைக்குப் போயிருக்கிற யாரையாவது போனில் பிடிப்போம். குரல் கேட்டதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவோம். பயத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அதன் முகம் மறந்துபோகிறது. மற்றவர்கள் பார்க்கிற பார்வையில்தான் திரும்ப ஞாபகம் வருகிறது.

எங்களுக்கு அந்தப் பார்வை கொச்சியில் கிடைத்தது, கப்பல் ஏறுகிற இடத்தில்.

அக்கா மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். கொச்சியில் ஒரு குடும்பம் அமைந்தது. இரண்டு தலைமுறைக்கு முன் விருதுநகரிலிருந்து மல்லி, வத்தல் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். பையனின் அத்தா (எங்களில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), தீவுகளுக்குப் போய்வரும் பயணிகள் கப்பலில் அதிகாரி. பயணிகளுக்கு அறை ஒதுக்குவது, சாப்பாடு, மற்ற வசதிகள் எல்லாம் அவர் பொறுப்பு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பிள்ளையைப் பிடித்துப்போன முகத்தோடு, அவரே சொன்னார்.

"தீபாவளி சீசன் முடிஞ்சு நீங்க ஓய்வா இருக்கும்போது நம்ம கப்பல்ல ஒரு தடவை வாங்க. தீவைப் பாத்துட்டு அதுலயே திரும்பிடலாம். பழகின மாதிரியும் இருக்கும். இறங்கினதும் நேரா எங்க வீடு. சாப்பிட்டுட்டுப் பேசி முடிச்சுக்கலாம்."

அன்றிலிருந்து மச்சான் வாயில் அவர் சம்பந்தி ஆகிவிட்டார்.

"இன்னும் பேசி முடிக்கல. அதுக்குள்ள என்ன சம்பந்தி? வாயக் கட்டுங்க" என்பாள் அக்கா.

"கப்பல்லயே கூட்டிட்டுப் போறாரு. கைவிட்டுருவாராக்கும்? நீ ஒரு ஆளு."

தண்ணீர் அவர்களுக்கு எப்படியோ, எங்களுக்கு அதிசயம். வெம்பக்கோட்டை அணையில் நாலு மழைக்குத் தண்ணீர் கிடந்தாலே வண்டி பிடித்துப் போய் நின்று பார்க்கிற ஆட்கள் நாங்கள். கப்பல் என்றதும் அக்கா புதுச் சேலை எடுத்தாள். நான் யாருக்கும் தெரியாமல் ஒரு கவிதையின் முதல் வரியை மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தேன். அக்கா மகள் மட்டும் ரயில் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். போகிற இடத்தில் முடிவாகப்போவது அவளுடைய வாழ்க்கை.

துறைமுகத்தில் பைகளை ஒரு மிஷினுக்குள் அனுப்பினார்கள். மச்சானின் பை போன இடத்தில் மிஷின் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி போனது. பையைத் திறக்கச் சொன்னார் காவலர். கைலி, துண்டு, அக்காவின் போர்வை, போர்வைக்குள் ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டி.

"இது என்ன?"

"பட்டாசு சார்." துணி சார் என்பதைப் போலச் சொன்னார் மச்சான்.

காவலர் அரை அடி பின்னால் போனார். மச்சான் அதைக் கவனிக்கவில்லை. சம்பந்திக்காகப் பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டி அது. விளக்கம் சொல்லாமல் அவரால் இருக்க முடியுமா?

"பயப்படாதீக சார். இதுல வெடின்னு ஒண்ணுகூடக் கெடையாது. கப்பல்ல சத்தம் ஆகாதேன்னு நானே பொறுக்கி எடுத்து வச்சேன். எல்லாம் வெளிச்சந்தான். இந்தாருங்க, பூச்சட்டி. இது சங்குசக்கரம். இது பென்சில், இந்த வருசம் வந்த ஐட்டம், கலரு மாறி மாறி வரும்…"

கடைக்கு வந்த ஆளிடம் காட்டுவது போல ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டே போனார். அக்கா பல்லைக் கடித்தாள். "எடுத்துக் காட்டாதீக. கைய எடுங்க மொதல்ல."

எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை மெல்லப் பின்வாங்கியது. ஒரு அம்மாள் தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். சுற்றிலும் தரை காலியாகி, நடுவில் நாங்கள் மட்டும் நின்றோம். மேலும் இரண்டு காவலர்கள் வந்தார்கள். மூத்தவர் எங்கள் டிக்கெட்டுகளை வாங்கிப் பெயர்களைச் சத்தமாக வாசித்தார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக. அக்காவின் முக்காட்டைப் பார்த்தார். என் தாடியைப் பார்த்தார். டிவியைப் போட்டால் எங்கேயாவது குண்டுவெடிப்புச் செய்தி ஓடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. நான் தாடியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றதைச் சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

அப்போதுதான் கப்பலின் படியில் வெள்ளைச் சீருடையில் பையனின் அத்தா இறங்கி வந்தார். யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். மச்சானுக்கு உயிர் வந்துவிட்டது.

"சம்பந்தி! இங்கன வாங்க சம்பந்தி! இவககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அந்தச் சொல் கூரைத் தகரத்தில் பட்டு எதிரொலித்தது. அவர் நடை ஒரு கணம் தடுமாறியது. மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை.

உங்கள் ஆட்களா என்று மூத்த காவலர் கேட்டார். அவர் மலையாளத்தில், தணிந்த குரலில் பதில் சொன்னார். டிக்கெட் ஏற்பாடு செய்து கொடுத்தேன், அதற்குமேல் பழக்கமில்லை. எங்களுக்குப் புரியாது என்று நினைத்தாரோ, புரிந்தாலும் வேறு வழியில்லை என்று நினைத்தாரோ. தமிழ்க் காதுக்கு அந்த மலையாளம் ஒன்றும் கஷ்டமில்லை. என் பக்கத்தில் நின்ற அக்கா மகள் தலையை நிமிர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர் எங்களுக்காகப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டாசு வியாபாரி, அவர்கள் ஊரில் இது இனிப்புப் பெட்டி மாதிரி, விவரம் தெரியாமல் கொண்டுவந்துவிட்டார் என்று மன்றாடினார். அரசாங்கக் கப்பல், அவருடைய பதவி, அவருடைய பெயர் என்று அவருக்குப் பயப்பட நிறைய இருந்தது. அதுவும் எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்தானே. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கடைசியில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் அதில் முக்கச் சொன்னார்கள். காவலர்கள் தொடமாட்டோம் என்றுவிட்டதால், மச்சானே குந்தி உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, பூச்சட்டிகளின் தாளைக் கிழித்து மருந்தை வாளிக்குள் கொட்டினார். சீசன் முழுக்க அந்தக் கைகள் சரக்கு எடுத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அழிப்பதை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் வெள்ளியாக மின்னியது. நனைந்த பெட்டித் தாளில் இருந்த படத்துப் பெண் சிரித்துக்கொண்டே அடிக்குப் போனாள்.

எங்களால் கப்பல் தாமதமாகக் கிளம்பியது. ஏறும்போது மேல்தளத்துக் கம்பியோரம் வரிசையாக முகங்கள். "பட்டாசுக்காரங்க வந்தாச்சு. இனிமே தீவுல தீபாவளிதான்" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

மச்சான் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். அக்காவுக்குக் கப்பல் அசைந்த அசைவில் வாந்தி. புதுச் சேலை பையிலேயே கிடந்தது. நான் காதுக்குள் சிரிப்பொலி கேட்டுக்கொண்டே கடலைப் பார்த்தேன். கடல் என் கவிதைக்கு அடங்கவில்லை. அதற்கு நான் இருப்பதே தெரியவில்லை. அந்த ஒரு ஆறுதலுக்காகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் டீயோடு எங்கள் அறைக்கு வந்தார். சீருடையில் இல்லை.

"அண்ணே, அங்க அத்தனை பேர் இருந்தாங்க…"

"ஐயோ, நீங்க ஒண்ணும் சொல்லாதீக" என்று மச்சான் எழுந்து உட்கார்ந்தார். "எம்புட்டுப் பெரிய தலைகுனிவு ஒங்களுக்கு. எம்மேல தப்பு."

"இல்ல, நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும், எதெது கொண்டுவரக் கூடாதுன்னு."

"நீங்க எப்படிச் சொல்வீக? பட்டாசு கொண்டு வராதேன்னு ஒரு மனுசன்கிட்டப் போய்ச் சொல்வாகளா?"

இருவரும் மாறி மாறிக் குனிந்துகொண்டே போனார்கள். நிமிர்வதற்கு இருவருக்கும் வழி தெரியவில்லை. டீ ஆறியது. அதற்குப் பிறகு மச்சான் அவரை ஒருமுறைகூடச் சம்பந்தி என்று கூப்பிடவில்லை.

எங்களில் மேல்தளத்தில் நின்றவள் அக்கா மகள்தான். காற்றில் துப்பட்டா பறக்க, கடலை மிட்டாய் கடித்துக்கொண்டு, தீவுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அங்கேயே இருந்தாள். அவர் தன் வேலைக்கு நடுவே வந்து அவளுக்குப் பறவைமீன்களைக் காட்டினார். நீருக்கு மேல் ஒரு கொத்து வெள்ளி எழும்பிப் பறந்து விழும். அவள் கைதட்டிச் சிரித்ததை நான் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன்.

கொச்சி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது அறைக்கு வந்தவள், அத்தாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அத்தா, இந்த இடம் வேணாம்."

"அவுக வேணாம்னு சொல்றதுக்கு முந்தி நாம எதுக்குமா சொல்லணும்?"

"அவுக சொல்ல மாட்டாக. நல்லவுக."

"பெறகென்ன?"

"நீங்க கூப்பிட்டீகல்ல அங்க. அதுக்கு அவரு சொன்னத நானும் கேட்டேன்."

"அவரு எடத்துல யாரு இருந்தாலும் அதத்தாம்மா சொல்லியிருப்பாக."

"சரிதான்த்தா. அவரு மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா நாளைக்கு அந்த வீட்டுல எனக்கு ஒண்ணுன்னா, நாலு பேரு சுத்தி நிக்கும்போது, என்னையும் தெரியாதுன்னுதான சொல்வாக? நான் ஒங்கள மாதிரி குந்தி ஒக்காந்து முக்கிக்கிட்டு இருக்க மாட்டேன்த்தா."

அக்கா வாயில் துண்டை வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தன் பெட்டியால் பையனின் அத்தாவுக்குத் தலைகுனிவு என்று இரண்டு நாளாகக் கூசிக்கொண்டு கிடந்த மச்சான், இப்போது அவரிடமே போய் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

"மாப்ள, நீ போய்ச் சொல்லிரு" என்றார் என்னிடம். "அவரு மொகத்தப் பாக்க என்னால ஆகாது."

நான் போனபோது கப்பல் கரையைத் தொட்டிருந்தது. அவர் படியருகே நின்று சுமை இறக்குபவர்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "கார் வந்தாச்சு. வீட்ல காலையிலேர்ந்து சமையல். ஊர்ப்பக்கம் மாதிரி வரணும்னு சீரகச்சம்பா தேடி வாங்கியிருக்காங்க."

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அவரைக் குற்றம் சொல்லாத ஒரு காரணம் வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மன்னிக்கணும். புள்ளைக்குக் கடல் ஒத்துக்கல. இந்தக் காத்தும் உப்பும்… இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்தா ஒடம்பு தாங்காதுன்னு அக்கா பயப்படுறா."

அவர் என்னைப் பார்த்தார். மேல்தளத்துக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். அங்கே அக்கா மகள் நின்றுகொண்டிருந்தாள், கரையைப் பார்த்தபடி, நல்ல பசியோடு எதையோ தின்றுகொண்டு.

"ஆமா" என்றார். "சிலருக்கு ஒத்துக்காது."

காரை என்ன செய்வது என்று ஓர் ஆள் வந்து கேட்டான். ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடச் சொன்னார். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கி, நான் வேண்டாம் என்று இழுக்க இழுக்க, அதைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார். அவருடைய முதுகைப் பார்த்தபடி நான் பின்னால் இறங்கினேன்.