நாற்றமில்லாத வெள்ளிக்கிழமை

ஆம்பூரில் புருஷன் வேறொருத்தி வீட்டுக்குப் போகிறானா என்று கண்டுபிடிக்க அத்தர் வாசனையைத் தேட வேண்டாம். தோல் நாற்றம் இல்லாமல் வந்தாலே போதும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் கெங்கம்மாளுக்கு வயிறு எரியத் தொடங்கியது அப்படித்தான்.

அவள் புருஷன் காசிக்குத் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாத நாற்றம். அப்பேர்ப்பட்டவன், தை பிறந்ததிலிருந்து ஷாப்புக்கு லீவான வெள்ளிக்கிழமைதோறும் சீயக்காய் போட்டுத் தேய்த்தான். மீசையைக்கூட மழித்துவிட்டான்.

“எங்கய்யா கெளம்பிட்ட?”

“சும்மா, தோஸ்துங்களப் பாக்க.”

சும்மாவாம்! ஒருநாள் பெட்டியைத் திறந்தால் அவளுடைய கல்யாணப் புடவையைக் காணோம். அடுத்த தெரு ராஜம்மாள்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். அவள் சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்குமே!

“எம் பொடவைய அவ கட்டினு நிக்கட்டும், கொண்டைய அறுத்துட்றேன்” என்று அந்த வெள்ளிக்கிழமை துடைப்பத்தோடு காசியின் பின்னாலேயே போனாள்.

பாலாற்றங்கரை மாந்தோப்பில் மத்தளச் சத்தம். கூத்து ஒத்திகை! ராஜம்மாள் இருந்தாள், கூட்டத்தோடு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு. கல்யாணப் புடவையில் நின்றவன் காசி. புருஷனைப் பறிகொடுத்த ராணி வேஷம்.

அப்பாடா என்று சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. காசி இடது கையால் கூந்தலை அவிழ்த்து, பாதியில் குரல் உடைந்து, மண்ணை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு... அது அவளுடைய அழுகை. தங்கள் பிள்ளையைப் புதைத்த அன்று அவள் அழுதது. அன்று இந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தானே!

ராஜம்மாளை இத்தனை நாள் எதற்காகச் சபித்தோம் என்று அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. தன் பக்கம் திரும்பாதவன் யார் பக்கமோ திரும்பிவிட்டான் என்ற பொறாமை. இப்போது அவன் கண்ணீரைப் பெற்ற அந்தப் புடவைக்கார ராணி மேலேயே பொறாமையாக இருந்தது.

நேரே நடுவில் போய் நின்றாள். மத்தளம் நின்றது.

“நான் அழுதப்ப நீ பாத்தியா?”

“பாத்துனுதான் இருந்தேன், கெங்கா.”

“ஊருக்கே அழுவுறியே, எனக்கு ஒரு நாளாவது அழுதியாய்யா?”

காசியின் வாய் கோணியது. ராகமும் இல்லை, மாரடிப்பும் இல்லை. அசிங்கமாக அழுதான். ராஜம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“போடி அந்தாண்ட! உனுக்கின்னா வேடிக்கை?” என்று கத்திய கெங்கம்மாள், அவன் முகத்தைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டாள்.